கொசுறு ஓரடி

புன்னைக்குப்பத்துக் கடல் ஓரடி மணலைத் திருப்பிக் கொடுத்த அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பு, அது எதையாவது திருப்பிக் கொடுத்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. முதலில் தென்னை வரிசையைத் தின்றது, பிறகு வலைக்கூடத்தை, பிறகு கருவாடு காயப்போடும் களத்தை, பிறகு ஒரு ஐப்பசி மாதத்தில் கடலைப் பார்த்த வரிசையில் இருந்த அறுபது வீடுகளையும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், சுவையறிந்து சாப்பிடுகிறவர்கள் மாதிரித் தின்றது. மிச்சமிருந்த கரையில் நாய்கள் கூட ஓடி விளையாடுவதை விட்டுவிட்டு, ஓரமாக, தலை குனிந்து நடக்கப் பழகியிருந்தன.

அந்தக் கரையைக் கண்காணிக்கத்தான் பச்சைவாழியும் தேசம்மாளும் தன்னார்வலர்களாகச் சேர்ந்திருந்தார்கள். கடல் ஆய்வு நிலையம் ஒன்றிலிருந்து வந்த ஞானசேகர் என்ற அலுவலர் ஊருக்கு இரண்டு பெண்கள் வேண்டுமென்று கேட்டார். சம்பளம் கிடையாது, ஆளுக்கு ஒரு நீலத் தொப்பி, ஒரு அளவு நாடா, ஒரு பென்சில், ஒரு கட்டு அச்சடித்த படிவம். திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம், அலை எவ்வளவு உயரம், கரையில் ஒதுங்கிய குப்பை என்ன, செத்த ஆமை எத்தனை என்று எழுதி, கடைசியில் மணலின் அகலத்தை எழுத வேண்டும். ஊரின் கடைசியில் நட்ட கல்லிலிருந்து ஈரக்கோடு வரைக்கும் எத்தனை அடி என்பதுதான் அந்த அகலம்.

பச்சைவாழி சேர்ந்ததற்குக் காரணம் கடலும் இல்லை மணலும் இல்லை. வடக்கே, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், ஓடைக்குப்பத்தில் அவளுடைய ஒரே மகள் சுமித்ராவைக் கட்டிக்கொடுத்திருந்தாள். கல்யாணமாகி ஐந்தாவது மாதத்தில் சுருக்குமடி வலை போடுவதைப் பற்றி நடுக்கடலில் இரண்டு ஊருக்கும் சண்டை வந்து, இரண்டு படகுகள் எரிந்து, ஒருவனுக்குக் கை போய், அன்றிலிருந்து இந்த ஊர்க்காரர் அந்த ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது, அந்த ஊர்க்காரர் இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று இரண்டு பஞ்சாயத்தும் கட்டுப்பாடு போட்டுவிட்டன. கண்காணிப்புக்காரர்கள் மட்டும், அளந்து முடித்த பிறகு, தோப்பின் ஓரத்து எல்லைக்கல்லில் சந்தித்து ஒருவர் அளவை ஒருவருக்குச் சொல்லலாம் என்று விதிவிலக்கு இருந்தது. ஓடைக்குப்பத்தில் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றைக்கே பச்சைவாழி நீலத் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு தாயும் மகளும் வாரத்துக்குக் கால் மணி நேரம் பார்த்துக்கொள்ள அச்சடித்த படிவம் ஒன்று தேவைப்பட்டது.

உப்புக் காற்றில் அளவு நாடா இரண்டே மாதத்தில் துருப்பிடித்து முறிந்தது. வேறு கேட்டுக் கடிதம் போட்டார்கள், வரவில்லை. அப்போது தேசம்மாள்தான் சொன்னாள், "ஏன்க்கா, உங் காலு இருக்கும்போது நாடா எதுக்கு?" பச்சைவாழியின் பாதம் ஊரறிந்த பாதம். செத்துப்போன அவள் புருஷன் அதைத் தோணி என்றுதான் கூப்பிடுவான். ஞானசேகர் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார், பன்னிரண்டு அங்குலம், நூல் பிசகவில்லை. அதற்குப் பிறகு அவள் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, உரக்க எண்ணிக்கொண்டே நடப்பாள், தேசம்மாள் படிவத்தோடு பின்னால் வந்து, அவள் சொன்னதை எழுதுவாள்.

முதல் தவறு நடந்தது மணல் முப்பத்தெட்டு அடியாக இருந்தபோது. பச்சைவாழி முப்பது வருஷம் டவுன் மார்க்கெட்டில் மீன் விற்றவள். சங்கராவோ கானாங்கெளுத்தியோ, எண்ணி முடித்ததும் அவள் கை தானாகக் கூடைக்குள் போகும், இன்னொன்றை எடுக்கும், வாடிக்கைக்காரியின் பாத்திரத்தில் போடும், வாய் தானாக, "இந்தா கொசுறு" என்று சொல்லும். அன்று அவள் மனசு எண்ணிக்கையில் இல்லை. போன வாரம் சுமித்ராவின் கழுத்தெலும்பு தெரிந்ததே, சாப்பிடுகிறாளா இல்லையா என்ற யோசனையிலேயே நடந்து, ஈரக்கோட்டில் பெருவிரல் பட்டதும், "முப்பத்தெட்டு, இந்தா கொசுறு, முப்பத்தொம்போது" என்றாள். தேசம்மாளும் மீன்காரிதான். கொசுறு இல்லாத கணக்கைக் கணக்கு என்றே அவளும் நினைத்ததில்லை. முப்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலையில் தேசம்மாள் அழிரப்பரோடு வந்தாள். இன்னொரு முறை அளந்து சரியாக எழுதிவிடலாம் என்று பச்சைவாழி கல்லிலிருந்து நடந்தாள். முப்பத்தெட்டு வந்தது, இன்னொரு அடி வைக்க இடமிருந்தது. முப்பத்தொன்பதில்தான் ஈரம்.

"உங் காலு சுருங்கிப்போச்சா?" என்றாள் தேசம்மாள்.

"ஒரே ராத்திரியிலயா?"

"அப்ப கடலுதான் போயிருக்குது" என்றாள் தேசம்மாள், பக்கத்து வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வது போல. அழிரப்பரை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வேண்டுமென்றே ஒன்று கூட்டிச் சொன்னார்கள். நாற்பது ஆனது. அதற்கடுத்த வாரம் நாற்பத்தொன்று. வாரத்துக்கு அரையடி தின்றுகொண்டிருந்த கடல் வாயை மூடிக்கொண்டு, கொசுறுக்குக் கொசுறு பின்வாங்கியது. ஊர் இதைப் பார்த்து மூர்ச்சையாகவில்லை. கொடுத்துப் பழகாத ஒரு கடன்காரன் திடீரென்று கொடுக்க ஆரம்பித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கையை நீட்டத்தான் செய்வார்கள். நாட்டார் கலிவரதன், அந்த ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர், தன் மனைவியை எண்ணச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரை எண்ணச் சொன்னார், அவர் எண்ணிய அன்று கடல் கோபித்துக்கொண்டது போல ஒரு கட்டுமரத்தைப் புரட்டிப் போட்டது. பச்சைவாழியின் பாதத்துக்கும் குரலுக்கும்தான் அது கட்டுப்படுகிறது என்று தெரிந்ததும், அவள் வெறுங்காலோடு மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது, கிளிஞ்சல் குத்திவிடும் என்றார்கள். செருப்புப் போட்டுப் போனால், செருப்புப் பழகிப் பாதம் மெலிந்துவிடும் என்றார்கள். கடைசியில் மார்க்கெட்டுக்கே போக வேண்டாம், மூன்று வேளைச் சாப்பாடும் ஊரிலிருந்து வரும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண்கள் வெந்நீரும் மஞ்சளுமாக வந்து அவள் காலைத் தேய்த்துக் கழுவினார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. யார் வீட்டில் என்ன சண்டை, யார் மருமகள் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் அந்த வெந்நீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் பேசப்பட்டன.

இருபது வாரத்தில் மணல் ஐம்பத்தெட்டு அடியானபோது பஞ்சாயத்துக் கூடியது. ஒன்று போதாது, வாரத்துக்கு இரண்டு என்று கேட்டார்கள். கடல் இரண்டும் கொடுத்தது. புதிய மணலில் கருவாட்டுக் களம் வந்தது, வாலிபால் வலை வந்தது, பிறகு மனை பிரித்தார்கள். வீடிழந்த குடும்பங்கள் அறுபதில் இருபத்தாறு குடும்பங்கள் தார்ப்பாயும் கீற்றும் இரும்புத் தகடுமாக வந்து குடியேறின. பச்சைவாழி நேராக நடப்பதற்காக நடுவில் ஒரு சந்து விட்டுத்தான் இரண்டு பக்கமும் வீடு கட்டினார்கள். அந்தச் சந்துக்கு அடித்தெரு என்று பெயர் வந்தது. கடலுக்கு மிக அருகில், யாருக்கும் கிடைக்காத காற்றுள்ள இடத்தில், பச்சைவாழிக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தார்கள். வேண்டாம் என்றாள். "நீ முன்னால இருந்தாத்தான் அது பின்னால போவும்" என்று அவள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டார்கள். எண்பதாவது அடியில் தேசம்மாளின் மகன் வீடு. அங்கே ஒரு பேரன் பிறந்தான், புது மணலில் பிறந்த முதல் பிள்ளை.

இதற்கிடையில், மணல் எண்பத்திரண்டு அடியைத் தொட்டபோதே ஆசைக்கு வெட்கம் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு ஐந்து என்றார்கள்.

இவ்வளவு காலமும் பச்சைவாழி ஒவ்வொரு திங்களும் எல்லைக்கல்லுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். சவுக்குத் தோப்பு ஓடைக்குப்பத்துக் கரையை மறைத்திருந்தது. மகள் தோப்புக்குள்ளிருந்து வருவாள், தோப்புக்குள்ளேயே போய்விடுவாள்.

"உங்க பக்கம் எத்தன பாப்பா?" என்று இவள் கேட்பாள்.

"எண்பத்திமூணு" என்பாள் சுமித்ரா. கொசுறு ஆரம்பித்த வாரத்திலிருந்து அதே எண்பத்திமூன்று.

"உங்க கடலு நல்ல கடலு. கூட்டுறதும் இல்ல, கொறைக்கறதும் இல்ல."

"உன்னுது?"

இவள் சொல்வாள். மகள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, "நல்லதும்மா" என்பாள். ஒரு திங்களன்று, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றும், இரண்டு மாதம் என்றும் அந்தக் கல்லருகில் நின்றுதான் சொன்னாள். ஏழாவது மாதத்தில் வளைகாப்புக்குப் போக முடியாத பச்சைவாழி, கண்ணாடி வளையல்களைப் படிவக் கோப்புக்குள் மறைத்துக் கொண்டுபோய், கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடி அந்தப் பக்கம் நீட்டிய கைகளில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். பாட்டில்லை, பந்தலில்லை. கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

முப்பத்தெட்டு வாரம் முடிந்து மணல் நூற்றுப் பன்னிரண்டு அடியாக இருந்தது. அந்த வியாழக்கிழமை, தபாலில் வந்த படிவங்களையெல்லாம் கணினியில் ஏற்றிப் படமாக அச்சடித்துக்கொண்டு ஞானசேகர் வந்தார். படித்த மனிதர், தலைக்கு மேல் வேலை இருந்ததால் ஆச்சரியப்பட நேரமில்லாதவர். தாளை விரித்து வைத்து, "பாருங்கம்மா, இந்தக் கோடு உங்க ஊரு, மேல ஏறுது. இந்தக் கோடு ஓடைக்குப்பம், கீழ இறங்குது" என்றார். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கத்தரிக்கோல் மாதிரிக் கிடந்தன.

"அங்க எண்பத்திமூணு இல்லியா சார்?"

"அது உங்க கோடு ஏறறதுக்கு முந்தின வாரம். இப்ப ஒம்பது. அதுலேந்து எந்த வாரம் எடுத்தாலும் ரெண்டு ஊரையும் கூட்டினா நூத்தி இருபத்தொன்னுதான் வருது. நீங்க அஞ்சு கூட்டினா அங்க அஞ்சு கொறையுது. இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்." தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

பச்சைவாழி அந்தத் தாளை மடியில் வைத்து, இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். கொசுறு எங்கிருந்து வருகிறது என்று வாங்குகிறவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. அது விற்கிறவள் கூடையிலிருந்து வருகிறது, அவள் வீட்டுச் சட்டியில் அன்றைக்கு ஒரு மீன் குறைகிறது. முப்பது வருஷம் தெரிந்த விஷயம். மீனில் தெரிந்தது மணலில் தெரியாமல் போனது. யார் கூடையில் கைவிட்டோம் என்று பார்க்காமலேயே முப்பத்தெட்டு வாரம் அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறாள்.

தாளை எடுத்துக்கொண்டு நாட்டார் வீட்டுக்குப் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இது எனக்கு மூணு மாசமா தெரியும் பச்ச" என்றார். "அலையத் தடுக்கக் கடல்ல கல்லு கொட்டி நம்ம ஊருக்குத் தூண்டில் வளைவு கட்டணும்னு ரோட்டுல உக்காந்தோமே, அப்போ வேணாம்னு மனு குடுத்தது யாரு? அவங்கதான். எங்க பக்கம் மணலு போயிரும்னு எழுதிக் குடுத்தாங்க. நம்மளுது அறுவது வூடு போச்சு. ஒருத்தன் வந்து ஒரு கூடை கல்லு கொட்டினானா?"

"எம் பொண்ணு அங்க இருக்குது நாட்டாரே. வயித்துப் பிள்ளையோட."

"அதுக்கும் பேசி வச்சிருக்கோம். அழைச்சிக்கினு வா. புருசனோட வரட்டும். உன் வூட்டுக்குப் பக்கத்துலயே மனை. கட்டுப்பாட்ட அவளுக்கு மட்டும் தளர்த்திக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா திங்கக்கிழம அஞ்சு சொல்லணும். அதுல மாத்தமில்ல."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பச்சைவாழி எல்லைக்கல்லுக்குப் போய்ப் போய் நின்றாள். தோப்புக்குள் காற்றைத் தவிர யாரும் வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் பெண்கள் காலைக் கழுவ வந்தபோது, இந்த வாரம் இருபத்தாறு குடும்பத்துப் பெண்களும் வந்திருந்தார்கள். யாரும் மிரட்டவில்லை. ஒருத்தி குதிகால் வெடிப்பில் வேப்பெண்ணெய் தடவினாள். ஒருத்தி தன் கைக்குழந்தையை எடுத்து அவள் பாதத்தின் மேல் உட்கார வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும், அளப்பதற்கு முன்பே, பச்சைவாழி எல்லைக்கல்லுக்கு ஓடினாள். சுமித்ரா ஏற்கெனவே அங்கே இருந்தாள், கல்லின் மேல் உட்கார்ந்து, முழங்கால் வரைக்கும் நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு.

"எத்தன?" என்றாள் பச்சைவாழி.

"எண்பத்திமூணும்மா."

"பாப்பா. எத்தன?"

மகள் பிழிவதை நிறுத்தினாள். "ஒம்போது."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணியிருப்ப? நிறுத்தியிருப்ப. நிறுத்தினா உங்க ஊரு உன்ன வுட்டுருமா?" குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "மொத தடவ ஒரு அடி போனப்ப, சரி போவட்டும், அம்மா ஊருக்குத்தான போவுதுன்னு இருந்தேன். அப்புறம் சொல்ல வாய் வரல. அலை இப்ப சமையக்கட்டுல வந்து அடுப்ப அணைச்சிட்டுப் போவுது."

"உம் மாமியா ஏதும் சொல்றாளா?"

"சோறு போட்டுக்கினேதான் சொல்லுது. உங்கம்மா காலு எங்க வூட்ட மெதிக்குதுன்னு. ரசத்த ஊத்திட்டுச் சொல்லுது, மோர ஊத்திட்டுச் சொல்லுது."

பச்சைவாழி நாட்டார் சொன்னதைச் சொன்னாள். மனை, பக்கத்து வீடு, புருஷனோடு. சொல்லச் சொல்ல அவளுக்கே ஆசை பொங்கியது, பிள்ளைக்கு வெந்நீர் வைப்பது வரைக்கும் மனசுக்குள் பார்த்துவிட்டாள். சுமித்ரா முழுதும் கேட்டாள்.

"எங்க தெருவுல முப்பத்தேழு வூடும்மா" என்றாள். "என்ன மட்டும் கூப்புடுற. அதுங்களுக்கெல்லாம் நீ அம்மா இல்லியே, அதுங்க என்னா பண்ணும்? நான் வந்து உன் மணலுல பாய விரிச்சிப் படுத்தா, அது யாரு மணலுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப என்னதான்டி பண்ணச் சொல்ற?"

"தெரியல" என்றாள் மகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கையில் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. "இன்னிக்கு எத்தன சொல்லச் சொல்லியிருக்காங்க?"

"அஞ்சு."

"அஞ்சுன்னா நாலு மிச்சம்" என்றாள். தோப்புக்குள் நடந்து போய்விட்டாள்.

ஏழு மணிக்கு ஊரே அடித்தெருவின் இரண்டு பக்கமும் நின்றது. பச்சைவாழி கல்லின் மேல் குதிகாலை வைத்து, ஒன்று என்றாள். இரண்டு என்றாள். பாதத்துக்கு முன் பாதமாக, எப்போதும் போல, பழைய மணலின் முப்பத்தெட்டு அடியையும் கடந்து, கருவாட்டுக் களத்தின் ஓரமாக, ஐம்பதைக் கடந்து நடந்தாள். பின்னால் தேசம்மாள் படிவத்தோடு வந்தாள். வாசல்களில் பெண்கள் சொம்பில் தண்ணீரோடு நின்றார்கள், பிள்ளைகள் அவளோடு சேர்ந்து எண்ணினார்கள், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

"அறுவது" என்றாள் பச்சைவாழி. அதோடு வாய் மூடிக்கொண்டது.

கால் நிற்கவில்லை. அதே போல, குதிகாலை விரலோடு ஒட்டி, நடந்துகொண்டே இருந்தாள். பிள்ளைகள் மட்டும் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று கொஞ்ச தூரம் எண்ணி, துணைக்குப் பெரிய குரல் இல்லாததால் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். தொண்டை வறண்டிருக்கும் என்று ஒருத்தி சொம்பை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. "எண்ணு!" என்று நாட்டார் கத்தினார். "பச்ச, வாயத் தொறந்து எண்ணு!" ஒவ்வொரு வீடும் எண்ணப்படாமல் அவளைக் கடந்து போனது. எண்பதாவது அடியில் தேசம்மாளின் மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நூற்றுச் சொச்சத்தில் பச்சைவாழியின் சொந்த வீடு நின்றது, வாசலில் யாரோ காலையில் போட்ட கோலத்தோடு. அதையும் எண்ணாமல் கடந்தாள். ஈரக்கோட்டில் பெருவிரல் நனைந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். அலை கூட வந்த இடத்தில் நின்று, முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்கிற வாடிக்கைக்காரி மாதிரிக் காத்திருந்தது.

"யக்கா" என்றாள் தேசம்மாள். "எத்தன எழுத?"

"அறுவது."

"எம் பேரன் எண்பதுல படுத்திருக்கான்க்கா."

"தெரியும். தூக்கியாந்துரு. இன்னிக்குப் பகலு பூரா இருக்குது." பிறகு, வேறு யாருக்கும் கேட்காதபடி, மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரியிடம் பேசுகிற குரலில் சொன்னாள், "நூத்தி இருபத்தொன்ன ரெண்டு கூறு போட்டேன் தேசம். அறுவது இங்க. அறுவது அங்க. ஒன்னு மிச்சம் வந்துச்சு. அத அவ கூறுல போட்டுட்டேன்."

தேசம்மாள் பென்சிலைக் கட்டத்தின் மேல் வைத்தாள். கடல் குரலைக் கேட்கிறதா எழுத்தைப் பார்க்கிறதா என்று அதுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அத்தனை வாரத்தில் இரண்டும் வேறு வேறாக இருந்ததே இல்லை. ஐந்து கூட்டி நூற்றுப் பதினேழு என்று எழுதினால் என்ன ஆகும் என்று அவள் நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. ஊர் மொத்தமும் அவளைப் பார்த்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர், எழுதுடி, எழுதுடி என்றார்கள். என்ன எழுதச் சொல்கிறோம் என்பதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. தேசம்மாள் அச்சடித்த கட்டத்துக்குள் அறுபது என்று எழுதினாள். பச்சைவாழியின் முகத்தைப் பார்க்காமல், படிவத்தை அவள் கையில் திணித்துவிட்டு, பேரனை எடுக்க ஓடினாள்.

பச்சைவாழியை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடிப்பதற்கு அவர்களுக்கு நேரமில்லை. அன்று பகல் முழுக்க ஊர் சுமந்தது. தகடுகளைக் கழற்றினார்கள், கீற்றுகளைப் பிரித்தார்கள், அரிசி டின்களையும் தொட்டில் புடவைகளையும் டிவிப் பெட்டிகளையும் சாமி படங்களையும் தலையில் வைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குள் அடுக்கினார்கள். பச்சைவாழியும் சுமந்தாள். ஒருத்தி வீட்டுக் குடத்தை இவள் தூக்கியபோது அவள் வந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பச்சைவாழி யாருடையதும் இல்லாத மூங்கில்களை மட்டும் சுமந்தாள். தன் வீட்டுச் சாமான்களைத் தொடவில்லை. தொட நேரமும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அடித்தெரு தண்ணீருக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. மணல் அறுபது அடி. ஓடைக்குப்பத்தில் அறுபத்தொன்று என்று, அங்கே மீன் எடுக்கப் போகிற வெளியூர் வண்டிக்காரன் வந்து சொன்னான்.

பஞ்சாயத்து பச்சைவாழியை ஊரோடு பேசக் கூடாது என்று ஒதுக்கி வைத்தது. எல்லைக்கல்லுக்குப் போகக் கூடாது என்றது. ஆனால் அளக்கும் வேலையை மட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை. மனசு மாறும் என்ற நம்பிக்கையா, வேறு யாராவது எண்ணினால் என்ன ஆகுமோ என்ற பயமா தெரியாது. ஒவ்வொரு திங்களும் ஏழு மணிக்கு அவள் வந்து நடப்பாள், தேசம்மாள் நாலடி தள்ளிப் பின்னால் வருவாள். ஊர்க்காரர்கள் தூரத்தில் கூடி நின்று, கடைசி எண்ணுக்குப் பிறகு அவள் வாயைப் பார்ப்பார்கள். அவள் வாய் திறக்க மாட்டாள். அடுத்த திங்களன்று கடல் தன் பழைய வேலையை மறுபடி ஆரம்பித்திருந்தது. ஐம்பத்தொன்பதரை என்றாள் பச்சைவாழி.

தேசம்மாள் எழுதிக்கொண்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, தனியாக வடக்கே நடந்து போனாள். பச்சைவாழி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோப்புக்குள்ளிருந்து இன்று யார் வந்திருப்பார்கள், சுமித்ராவே வந்தாளா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாளா, இல்லை பிரசவத்துக்குப் படுத்துவிட்டாளா, அம்மா எங்கே என்று கேட்டாளா, ஒன்றும் கேட்காமல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போனாளா என்று நினைத்துக்கொண்டே, வெயில் முதுகில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். தேசம்மாள் திரும்பி வருவது தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

தேசம்மாள் அவள் முன்னால் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"அறுவதரை" என்றாள். அங்கேயும் அரையடி போயிருந்தது. அதற்கு மேல் ஒரு சொல் தராமல், பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.